கதிர்காமமும் நவீன சமுதாயமும்: பல்சமய வழிபாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கதிர்காமம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தவறாது கூறும் கூற்று ஒன்றுண்டு. பௌத்தர், இந்துக்கள், இஸ்லாமியர், வேடர் ஆகியோர் ஒருங்கே வழிபடும் அத்தலம் இந்நாட்டின் இன, சமய ஒற்றுமைக்குச் சான்றாக விளங்குகின்றது என்பதே அது. விழா மலர்களிலும் சுற்றுலாக் கைந்நூல்களிலும் அரசியல் மேடைகளிலும் இக்கூற்றை நாம் மீண்டும் மீண்டும் எதிர்கொள்கிறோம். இது பொய்யன்று. ஆயினும், விளக்கப்பட வேண்டியதையே விளக்கமாகக் கொள்ளும் குறைபாடு இதன்கண் உண்டு. பல சமயத்தவர் ஒரு தலத்திற் கூடினர் என்றால், எத்தகைய சமூக ஏற்பாட்டின் மீது அவர்கள் கூடினர்? அவ்வேற்பாடு நவீன காலத்தில் என்னவாயிற்று? இவ்விரு வினாக்களையும் எழுப்பாது ஒற்றுமை பற்றிப் பேசுவது, வரலாற்றைப் பாராட்டுரையாக மாற்றுவதாகும்.

முற்போக்குச் சிந்தனையாளர் பலரிடம் பிறிதோர் எளிமைப்பாடு காணப்பட்டது. கல்விப் பரம்பலும் போக்குவரத்தும் நகர வாழ்க்கையும் பெருகப் பெருக, இத்தகைய வழிபாடுகள் தாமே நலிந்துபோம் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. கதிர்காமத்தின் கடந்த நூறாண்டு வரலாறு இவ்வெதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. பாதை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, வாக்குரிமை வந்தது, கூடவே பக்தரும் முன்னொருபோதும் இல்லாத அளவிற் பெருகினர். ஆனால் வழிபாடு பெருகியபோது பகிர்வு அதே அளவிற் பெருகவில்லை என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விழையும் கருத்தாகும்.

முதலிற் பழைய ஏற்பாட்டை நோக்குவோம். தலத்தின் தொன்மை ஐயத்துக்கு இடமற்றது. அனுராதபுரத்தில் வெள்ளரசுக் கிளை நாட்டப்பட்ட வேளை கஜரகாமத்துச் சத்திரியர் வந்திருந்தனர் என்றும், முதற் கன்றுகளுள் ஒன்று அவ்வூரில் நடப்பட்டது என்றும் மகாவம்சம் கூறும். அருணகிரிநாதர் தம் திருப்புகழிற் கதிர்காமத்தைப் பாடியுள்ளார். ஒன்று பாளி மரபு, மற்றது தமிழ் மரபு. இரண்டும் தத்தமக்குரிய கதிர்காமத்தையே காண்கின்றன. எல்லாளனை வெல்லும் பொருட்டுத் துட்டகைமுனு இக்கடவுளை வேண்டினான் என்று இன்று பெரிதும் பேசப்படும் கதை மகாவம்சத்தில் இல்லை என்பதையும் இவ்விடத்துக் குறித்தல் தகும். அது பிற்கால மரபு. பிற்கால மரபு என்பதனாலேயே அதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது யாருக்கு, எப்பொழுது தேவைப்பட்டது என்று வினவுதலே வரலாற்று மாணவரின் கடன்.

தலத்தின் அமைப்பையே ஒரு சான்றாகக் கொள்ளலாம். மகா தேவாலயத்தில் வழிபடுவதற்குத் திருவுருவம் இல்லை. திரைச்சீலையின் பின் நிகழும் பூசையைக் கப்புறாளைமார் வாயைத் துணியாற் கட்டி, மந்திரமோ வேதமோ ஓதாது, மௌனமாகச் செய்கின்றனர். ஆலத்தி எடுக்கும் பெண்களுக்கு மரபுரிமை உண்டு. அருகே தெய்வானை அம்மன் கோயில்; அது வட இந்தியாவிலிருந்து வந்த துறவியர் மரபோடு தொடர்புடையது. தேவாலயத்துக்கு எதிர்முகமாக, வீதியின் மறு அந்தத்தில் வள்ளியம்மன் கோயில். அதனை அடுத்துப் பள்ளிவாசலும் பால்குடி பாவாவின் அடக்கத்தலமும். சற்றுத் தொலைவிற் கிரி விகாரை. திருவிழாக் காலத்தில் யானைமீது எடுத்துச் செல்லப்படுவது உருவமன்று, மூடிய பேழை. அது தெய்வானையிடம் செல்வதில்லை, வள்ளியிடமே செல்கிறது. பள்ளிவாசலிலும் அதே காலத்திற் கொடியேற்றம் நிகழ்கிறது. ஆடிப் பூரணையை ஒட்டி மாணிக்க கங்கையில் தீர்த்தம்.

இங்கு நாம் காண்பது ஒரே நம்பிக்கையைப் பலர் பகிர்ந்துகொள்வதன்று. சைவர் இவரை முருகன் என்பர். சிங்களப் பௌத்தர்க்கு இவர் கதரகம தெய்யோ, புத்தரிடம் ஆணை பெற்று நாட்டைக் காக்கும் தெய்வங்களுள் ஒருவர். இஸ்லாமியர் இவ்விடத்தை நித்திய சீவியான ஹிழ்ர் நபியோடு தொடர்புபடுத்துவர். வேடர்க்கு இவர் தம் பெண்ணைக் கொண்ட மருமகன். கொள்கையளவில் இவை ஒன்றோடொன்று பொருந்தா. பொருந்தச் செய்யவேண்டும் என்று எவரும் முயன்றதாகவும் தெரியவில்லை. பொருந்தியவை கடமைகளும் முறைகளுமே. யார் எதைச் சுமப்பது, யார் எங்கே நிற்பது, யார் எந்நாளில் எதைச் செய்வது என்பன வரையறுக்கப்பட்டிருந்தன. இவ்வரையறையின் பொருளாதார அடித்தளம் தேவாலயக் காணிகளும், அக்காணிகளை அனுபவித்தோர் ஆற்றவேண்டியிருந்த இராஜகாரிய ஊழியமுமாகும். இது நிலமானிய ஒழுங்கு. சாதி வேற்றுமை அதன் உட்கூறு. இவ்வொழுங்கைச் சமத்துவத்தின் பொற்காலமாகக் காட்டுவோர் அதனைச் சுமந்தவர்களின் தோள்களை மறந்துவிடுகின்றனர்.

அச்சமும் இவ்வொழுங்கின் ஒரு கூறே. 1681இல் வெளியான தம் நூலில் றொபேட் நொக்ஸ், இக்கடவுள்பால் மக்கள் கொண்டிருந்த அச்சம் எத்துணை வலியதெனில், கண்டி அரசனுக்குப் பகைவராய் அந்நியரோடு சேர்ந்தவர்கள்கூட இவ்வழியாகப் படையெடுக்கத் துணைபோக மாட்டார் என்ற கருத்துப்படக் குறிப்பிடுகிறார். அரசு எட்டாத காட்டுக்குத் தெய்வமே எல்லைக்காவல் எனலாம்.

1817-1818இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி இதனை மேலும் விளக்கும். பிரித்தானியருக்கு எதிரான அக்கிளர்ச்சியில் முன்னின்ற வில்பாவே என்பான் முன்னர்ப் பிக்குவாக இருந்தவன். தான் நாயக்க அரச மரபைச் சேர்ந்த துரைசாமி என்றும், கதிர்காமக் கடவுளே தன்னை அரசனாகத் தெரிந்தார் என்றும் அவன் அறிவித்தான். சிங்களக் குடியானவரைத் திரட்ட ஒரு சிங்களவன் தென்னிந்திய மரபு சார்ந்த பெயரொன்றைப் புனைந்துகொண்டமை இன்றைய இனவாத அளவுகோலால் விளங்கிக்கொள்ள முடியாதது. அக்கிளர்ச்சியை மூட்டிய காரணங்களுள் ஒன்று, வெல்லஸ்ஸைப் பகுதியில் ஓர் இஸ்லாமியரைப் பிரித்தானியர் பதவியில் அமர்த்தியமை என்பதையும் மறத்தலாகாது. இரண்டையும் சேர்த்து நோக்கும்போதுதான் அக்காலம் நமக்குத் தெரியவரும்: பிரிவுகள் இல்லாமலில்லை, ஆனால் அவை வேறு கோடுகளால் வரையப்பட்டிருந்தன.

குடியேற்ற ஆட்சி இப்பழைய ஒழுங்கை மூன்று வழிகளில் மாற்றியது. முதலாவது, கணக்கெடுப்பு. 1871 முதல் ஒழுங்காக நடைபெற்ற குடிசன மதிப்பீட்டில் ஒவ்வொருவரும் ஒரே சமயத்துக்கு உரியவராயினர். கதிர்காமத்தில் நேர்த்தி வைத்து, விகாரையிற் பூவைத்து, பாவாவின் அடக்கத்தலத்தில் விளக்கேற்றும் ஒருவருக்கு அந்த அட்டவணையில் ஒரேயொரு கூடுதான் இருந்தது. 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை மேற்பார்வை செய்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கதிர்காம முருக வழிபாடு பற்றி ஆராய்ந்து எழுதி, அக்கட்டுரை 1924இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளை இதழில் வெளிவரக் காரணமானவரும் அவரே. ஒரே அறிஞரின் இவ்விரு பணிகளும் ஒன்றையொன்று நோக்கிச் சற்று வியப்புடன் நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, சுகாதாரக் கட்டுப்பாடு. கொலராவுக்கு அஞ்சிய அரசாங்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரிகர் தொகைக்கு வரம்பிட்டு, அனுமதிச் சீட்டு முறையைப் புகுத்தியது. தென்னிந்தியாவிலிருந்து பெருந்தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரே இதனாற் பெரிதும் தடுக்கப்பட்டனர். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப் இவ்யாத்திரையை மேற்பார்வை செய்தவர். 1913இல் அவர் வெளியிட்ட நாவலில், வறிய சிங்களக் குடியானவர் மேற்கொள்ளும் யாத்திரை 'பெரகம' என்ற புனைபெயரில் இடம்பெறுகிறது. அங்கு காட்டப்படுவது கொண்டாட்டமன்று. நோயும் கடனும் பசியும் துரத்த, வேறு புகலின்றிக் காட்டுவழி நடக்கும் மக்கள்.

மூன்றாவது மாற்றமே நிலைத்த விளைவுகளைத் தந்தது. அது சட்டம். தேவாலயங்களின் ஆதனங்கள் பௌத்த ஆலய ஆதனங்கள் பற்றிய கட்டளைச் சட்டங்களின்கீழ் கொணரப்பட்டன. 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படையாக உள்ளது. பஸ்நாயக்க நிலமே என்னும் பழைய பதவி தெரிவுமூலம் நிரப்பப்படும் நிருவாகப் பதவியாயிற்று. இதனைச் சதி என்று கொள்ளவேண்டியதில்லை. ஆயினும், எவருக்கும் முழுமையாக உரிமையாகாதிருந்த ஒரு தலம், சட்டத்தின் கண்ணில் ஒரு சமயத்தின் ஆதனமாயிற்று. தெய்வானை அம்மன் கோயிலும் பள்ளிவாசலும் இவ்வேட்டுக்கு வெளியே நின்றன.

இதே காலத்தில் மூன்று சமயங்களிலும் சீர்திருத்த இயக்கங்கள் எழுந்தன. ஆறுமுக நாவலர் ஆகமத்தை வற்புறுத்தினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மூலமூர்த்தியின்றி வேலே வழிபடப்பட்டமையைக் கண்டித்தார். அநகாரிக தர்மபால புத்தர் போதனைக்குப் புறம்பான தெய்வ வழிபாட்டைச் சாடினார். இஸ்லாமியரிடையே அடக்கத்தல வழிபாட்டுக்கு எதிரான இயக்கம் பிற்காலத்தில் வலுப்பெற்றது. அச்சகமும் பாடசாலையும் ஈன்ற மத்தியதர வர்க்கத்தின் குரல்கள் இவை. நூலுக்குத் திரும்புவதே மூன்றினதும் நோக்கு. மூன்றின் அளவுகோலாலும் கதிர்காமம் பிழையானது. ஆகமம் இல்லை, விநயம் இல்லை, ஷரீஅத் வரம்பும் இல்லை. எனினும் மூன்றாலும் கதிர்காமத்தை அசைக்க முடியவில்லை.

அசைத்தது பாதை. இருப்புப்பாதை 1895இல் மாத்தறையை எட்டியது. இரண்டாம் உலகப் போரின் பின் மோட்டார் வண்டிகள் கோயில் வீதிவரை சென்றன. கால்நடையாகப் பல நாட் சென்றடைந்த தலம் ஓரிரவுப் பயணத்துள் அடங்கிற்று. கிழக்குக் கரையோரமாக நடந்து வந்த தமிழர்க்கும் இது வசதியே. ஆனால் தெற்கு, மேற்கு மாகாணங்களின் சிங்கள மக்களுக்குக் கதிர்காமம் அண்மை ஊராயிற்று. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1977இலும் 1978இலும் வெளியிட்ட ஆய்வுகள் இம்மாற்றத்தைத் துல்லியமாக ஆராய்கின்றன. ஏனைய காவற் தெய்வங்கள் செல்வாக்கிழக்கக் கதிர்காமக் கடவுள் மட்டும் உயர்ந்தமைக்கு, நவீன பொருளாதாரம் தோற்றுவித்த வேட்கைகளும் ஏமாற்றங்களுமே காரணம் என்பது அவர் கருத்து. உத்தியோகம் தேடுவோர், வணிகர், தேர்தல் வேட்பாளர் ஆகியோர்க்கு வேண்டியது அறம் போதிக்கும் கடவுளன்று. காரியம் முடிக்கும் கடவுள். தீமிதிப்பின் தலைமை 1940கள், 1950களில் தமிழரிடமிருந்து சிங்களவரிடம் சென்றமையையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இங்கு நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். காவடி எடுத்தல், அலகு குத்துதல், தீமிதித்தல், 'அரோகரா' என்னும் முழக்கம் ஆகியவை தமிழர் வழிபாட்டு முறைகள். அவற்றைச் சிங்களப் பக்தர் உளமார ஏற்றுக்கொண்டனர். பண்பாட்டுக் கலப்பு என்ற வகையில் இது பகிர்வின் உச்சம். ஆனால் முறைகள் கைமாறிய அதே ஆண்டுகளில், அவற்றைக் கொணர்ந்தோர் தலத்தில் வகித்த இடம் குறுகிற்று. 1948இலும் 1949இலும் நிறைவேறிய சட்டங்களால் மலையகத் தொழிலாளர் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பக்தி ஒரு திசையிலும் அரசியல் எதிர்த் திசையிலும் சென்றன என்பதற்கில்லை. இரண்டும் ஒரே பேருந்திற் சென்றன. 1960களிற் கதிர்காமம் 'பூஜாபூமி' ஆக்கப்பட்டு, கடைகளும் குடியிருப்புகளும் அகற்றப்பட்டன. தமிழ் யாத்திரிகர்க்குத் தங்குமிடமும் அன்னமும் அளித்த இராமகிருஷ்ண மிஷன் மடம் 1970களில் அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. 1972ஆம் ஆண்டின் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை நிலை வழங்கிற்று. மடத்தை இழந்தவர்க்கு யாப்பின் வாசகத்தை எவரும் விளக்கிக் கூறவேண்டியிருக்கவில்லை.

ஒபயசேகரவின் விளக்கம் பெரிதும் ஏற்புடையதே. எனினும் உளவியல் ஏமாற்றங்களுக்கு அவர் தரும் அழுத்தம், ஆதனம், நிருவாகம், குடியுரிமை என்பவற்றுக்கும் தரப்படின் படம் முழுமையுறும் என நாம் கருதுகிறோம். சீர்திருத்தவாதிகளின் நூலறிவு செய்ய இயலாததை அரசும் சந்தையும் பாதையும் செய்தன. அவை வழிபாட்டை ஒழிக்கவில்லை. அதன் உரிமையாளர் யார் என்பதைத் தீர்மானித்தன.

1983 யூலை வன்செயலின் பின், போர் கிழக்குக் கரையோர நடைவழியைப் பல்லாண்டு குலைத்தது. 2009இல் போர் முடிந்தபின் பாதயாத்திரை மீண்டும் பெருகிற்று. 2020இல் அதிவேகப் பாதை மத்தளை வரை நீட்டப்பட்டதால் கொழும்பிலிருந்து காலையிற் புறப்பட்டு இரவே திரும்புதலும் இயல்வதாயிற்று. ஒரே ஆடித் திருவிழாவுக்கு ஒருவர் சில மணி நேரத்தில் வருகிறார். மற்றவர் வாரக்கணக்கில் நடந்து, உகந்தையில் காட்டுவழி திறக்கப்படும் நாளுக்காகக் காத்திருந்து வருகிறார்.

பழைய ஏற்பாட்டின் தடயங்களைத் தேடும் ஆய்வாளர் கதிர்காமத்தோடு நின்றுவிடலாகாது. மட்டக்களப்பில் மண்டூரும் வடமராட்சியில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியும் 'சின்னக் கதிர்காமம்' எனப்படுவன. இரண்டிலும் பூசை செய்வோர் பிராமணரல்லர். இரண்டிலும் வாய் கட்டிய மௌன பூசையே வழக்கு. நாவலர் வழிவந்த ஆகமச் சீர்திருத்தம் யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றை மாற்றியபோதும் சந்நிதியின் பூசை முறை மாறவில்லை. கடற்றொழில் செய்யும் சமூகத்தவர் அங்குப் பூசகராய் இருப்பதும், மகா தேவாலயத்தின் சிங்களக் கப்புறாளையும் அவரும் ஒரே விதமாய் வாய்கட்டி நிற்பதும், சமய வரலாறு எழுதுவோரால் இன்னும் போதியளவு ஆராயப்படவில்லை. வடக்கின் கதிர்காமப் பாதயாத்திரை ஆண்டுதோறும் புறப்படுவது அச்சந்நிதி வாயிலிலிருந்துதான்.