கொசுறாகப் போன தேசிய அணி

இந்தியக் கால்பந்து அணி ஆடும் ஆட்டத்தை டிவியில் காட்டும் உரிமை யாருடையது? "நம்ம நாட்டு டீம், கவர்மெண்டோடதுதானே" என்பது ஒரு பதில். "எல்லாம் அம்பானியோடது" என்பது இன்னொரு பதில். முதல் பதில் சட்டப்படி எந்தக் காலத்திலும் சரியில்லை. இரண்டாவது, 2010 முதல் 2025 வரை ஏறக்குறைய சரி. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் இந்தப் பதிவு.

கால்பந்து நுணுக்கம் எதுவும் இதில் இருக்காது. நான் படித்தது பி.காம். இந்தக் கொல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு ஆஃப்சைடு பற்றி எழுதினால் அடுத்த மாதம் வீட்டு ஓனர் வாடகையைக் கூட்டிவிடுவார் :-) ஆனால் ஒப்பந்தம், முன்பணம், தவணை, கெடு இதெல்லாம் எனக்குச் சோறு போடும் விஷயங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் அடிப்படை. தேசிய அணி என்பது தேசத்தின் சொத்து அல்ல. அது ஒரு சங்கத்தின் அணி. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு (இனிமேல் கூட்டமைப்பு) 1937-ல் தொடங்கிய, பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம். ஃபிஃபாவின் விதிகள் என்ன சொல்கின்றன என்றால், ஒரு சங்கத்தின் அதிகாரத்துக்குள் நடக்கும் ஆட்டங்களின் எல்லா உரிமைகளுக்கும் அந்தச் சங்கமே மூல உரிமையாளர். அரசாங்கமோ வேறு யாருமோ நடுவில் நுழைந்தால் ஃபிஃபா சும்மா இருக்காது. 2022 ஆகஸ்ட் 15-ம் தேதி, நம்முடைய சுதந்திர தினத்தன்றே, வெளியார் தலையீடு என்று சொல்லி இந்தியாவை இடைநீக்கம் செய்தது. 26-ம் தேதிதான் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

கிரிக்கெட்டில் இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. 2004-ல் இந்திய கிரிக்கெட் அணியின் ஒளிபரப்பு உரிமைக்கான டெண்டரில் ஜீ நிறுவனத்துக்கும் பி.சி.சி.ஐ-க்கும் தகராறு. வாரியம் 'அரசு' என்ற வரையறைக்குள் வருமா என்பதுதான் பிரச்சினை. 2005 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் வராது என்றார்கள், இரண்டு பேர் வரும் என்றார்கள். மூன்றுக்கு இரண்டு. அவ்வளவு நெருக்கமான விஷயம் இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த விதி, பலருக்கும் தெரியாதது. இரண்டு நாடுகள் மோதும் தகுதிச்சுற்று ஆட்டத்தில், வழக்கமாக விற்பனை உரிமை சொந்த மண்ணில் ஆடும் நாட்டின் சங்கத்துக்கே. விருந்தாளி அணிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. இதன் விபரீதத்தை இங்கிலாந்துக்காரர்கள் 2009 அக்டோபர் 10-ம் தேதி அனுபவித்தார்கள். உக்ரைனில் ஆட்டம். உக்ரைன் சங்கத்திடமிருந்து உரிமை கெண்டாரோ என்ற ஏஜென்சியின் கைக்குப் போயிருந்தது. பிரிட்டனில் அந்த ஆட்டத்தைக் காட்ட இருந்த செடாண்டா சேனல் அந்த ஜூனில் திவால். இங்கிலாந்து அணி ஏற்கெனவே உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டதால் மற்ற சேனல்கள் கேட்ட விலைக்கு வாங்கவில்லை. கடைசியில் ஆட்டம் இண்டர்நெட்டில் மட்டும் வந்தது. முன்கூட்டிக் கட்டினால் 4.99 பவுண்டு, ஆட்ட நாளன்று 11.99 பவுண்டு. கால்பந்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாடு, தன் அணியைக் கம்ப்யூட்டரில் காசு கட்டிப் பார்த்தது. அதற்கும் ஆட்டம் 1-0 என்று தோல்வி, கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை வேறு.

ஐரோப்பியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2014 செப்டம்பரில் தொடங்கிய யூரோ 2016 தகுதிச்சுற்றிலிருந்து, எல்லாச் சங்கங்களின் உரிமைகளையும் யூஈஎஃப்ஏ ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறது. வசூலைச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கிட்டத்தட்ட நம்ம ஊர்க் கூட்டுறவுப் பால் சொசைட்டி மாதிரி. சின்ன நாடுகளுக்கு நிச்சய வருமானம், பெரிய நாடுகளுக்குத் தலைவலி குறைவு.

சரி, இந்தியாவுக்கு வருவோம்.

தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில் 'உரிமை' என்ற சொல்லுக்கே விலை கிடையாது. 1982-ல் முதல் நேரு கோப்பை இங்கே ஈடன் கார்டனில் நடந்தது. 1984-ல் அர்ஜெண்டினாவே வந்து ஆடி, நம்மை 1-0 என்றுதான் ஜெயித்தது. எங்கள் கிளைக் காசாளர், ரத்தத்தில் மோகன் பகான் ஓடும் மனிதர், இன்றைக்கும் அந்த ஒரு கோலைக் கணக்கில் இருந்து தள்ளுபடி செய்ய முடியுமா என்று பார்க்கிறார். வாங்குவதற்கு ஒரே ஆள்தான், அவரும் சர்க்கார். சில சமயம் காட்டுவதற்குத் தூர்தர்ஷனுக்கே எதிர்க்காசு கொடுக்க வேண்டும் என்ற நிலைமை.

அதை உடைத்தது 1993 ஹீரோ கோப்பை கிரிக்கெட். வங்காள கிரிக்கெட் சங்கம் உரிமையை டி.டபிள்யூ.ஐ என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் முறைத்துக்கொண்டது. ஒளிபரப்புக் கருவிகளைச் சுங்கத்துறை பிடித்து வைத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் போய், 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவற்றின் மீது அரசாங்கம் ஏகபோகம் கொண்டாட முடியாது. அந்த டி.டபிள்யூ.ஐ யாருடையது தெரியுமா? ஐ.எம்.ஜி என்ற அமெரிக்க விளையாட்டு வணிக நிறுவனத்தின் டிவி பிரிவு. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

சர்க்கார் முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் தொடரை நிம்பஸ் நிறுவனம் தூர்தர்ஷனோடு பகிர மறுத்ததும், அவசரச் சட்டம் வந்து, அதே வருஷம் முழுச் சட்டமும் ஆனது. 'தேசிய முக்கியத்துவம்' உள்ள ஆட்டங்களின் சிக்னலைப் பிரசார் பாரதிக்குக் கொடுக்க வேண்டும். டிவி விளம்பர வருமானம் 75-க்கு 25, பெரும்பங்கு உரிமையாளருக்கு. அதையும் 2017-ல் சுப்ரீம் கோர்ட் குறுக்கியது. பகிரப்பட்ட சிக்னலைத் தூர்தர்ஷன் தன் சொந்த ஆண்டெனாவிலும் இலவச டிஷ்ஷிலும் காட்டலாம், தனியார் கேபிளுக்குக் கொடுக்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் இது கிரிக்கெட்டுக்குத் தைத்த சட்டை. கால்பந்துக்குத் தோள் பக்கம் தொங்குகிறது.

கூட்டமைப்பின் முதல் பெரிய வியாபாரம் ஜீ ஸ்போர்ட்ஸோடு. 10 வருஷ ஒப்பந்தம், 2005-06 லீக் சீசனிலிருந்து. அந்தக் காலத்தில் அணியும் மோசமில்லை. 2007-ல் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் சிரியாவை 1-0 என்று ஜெயித்து நேரு கோப்பை. 2008 ஆகஸ்டில் சேத்ரியின் மூன்று கோல்களோடு தஜிகிஸ்தானை 4-1 என்று ஜெயித்து, 2011 ஆசியக் கோப்பைக்குத் தகுதி. சரக்கு நன்றாக இருந்தது. ஆனால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2010 அக்டோபரில், பாதி தூரத்திலேயே ஒப்பந்தம் முறிந்தது.

ஒரு கடன்காரர் பழைய கடன் முறிந்த கையோடு புதுக்கடன் கேட்டு வந்தால், நாங்கள் முதலில் பார்ப்பது அவருடைய அவசரத்தை. அவசரம் உள்ளவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார். ஜீ போன இரண்டே மாதத்தில், 2010 டிசம்பர் 9-ம் தேதி, பிரஃபுல் படேல் தலைமையில் இருந்த கூட்டமைப்பு அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எதிர்ப்பக்கம் ஐ.எம்.ஜி - ரிலையன்ஸ் கூட்டு நிறுவனம். (வந்துவிட்டதா பெயர்?) 15 வருஷம், 700 கோடி ரூபாய்.

அந்தத் தொகை அன்றைக்குத் தலைப்புச் செய்தி. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, அந்த 700 கோடிக்கு என்ன விற்றார்கள் என்பதுதான். லீக், கோப்பைப் போட்டிகள், தேசிய அணி, விளம்பரதாரர் உரிமை, ஒளிபரப்பு, பொருள் விற்பனை, புதிதாக ஒரு லீக் தொடங்கும் உரிமை என்று எல்லாம் ஒரே சாக்கு மூட்டையில். வாங்கியவர் கண் இருந்தது கடைசி அயிட்டத்தின் மேல். காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாக வரும் அல்லவா, அப்படித்தான் தேசிய அணி வந்தது. தனி விலை கிடையாது. தனி டெண்டர் கிடையாது. இந்திய அணியின் ஒரு ஆட்டம் சந்தையில் என்ன பெறும் என்று 15 வருஷம் யாருக்கும் தெரியாமல் போனது.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 2014 அக்டோபர் 12-ம் தேதி இங்கே சால்ட் லேக்கில் ஐ.எஸ்.எல் தொடங்கியது. அதை நடத்திய எஃப்.எஸ்.டி.எல் நிறுவனத்தில் ரிலையன்ஸ் தரப்போடு ஸ்டார் இந்தியாவும் பங்குதாரர். காட்டிய சேனலும் ஸ்டார்தான். 2023-ல் ஐ.எஸ்.எல் ஒளிபரப்பு உரிமை வயாகாம்18-க்குப் போனது. அது ரிலையன்ஸ் குழுமத்து நிறுவனம். 2024 நவம்பரில் ஸ்டாரும் வயாகாம்18-ம் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆனது. ஆக, விற்கும் கை வலது, வாங்கும் கை இடது, உடம்பு ஒன்று. எங்கள் பாஷையில் இதற்கு 'தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை' என்று பெயர். சட்டவிரோதம் இல்லை. ஆனால் ஆடிட்டர் அந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் அதிகம் நிற்பார், ஏனென்றால் அதில் வரும் விலை சந்தை விலைதானா என்று வெளியே இருந்து சொல்லவே முடியாது.

நியாயமும் பேச வேண்டும். ஐ.எஸ்.எல்-லால் ஒளிபரப்பின் தரம் உயர்ந்தது உண்மை. கூட்டமைப்புக்குப் பணம் ஒழுங்காக வந்ததும் உண்மை. கடைசி வருஷங்களில் ஆண்டுக்கு 50 கோடி. அணி 2019, 2023 ஆசியக் கோப்பைகளுக்குத் தகுதி பெற்றது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். முதல் வருஷத்து 50 கோடியின் மதிப்பு பதினைந்தாவது வருஷத்தில் பாதிதான். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில்கூட 11 மாதத்துக்கு ஒருமுறை ஏற்றம் எழுதிக்கொள்கிறோம்.

அணிக்கு விலை இல்லை என்றால் அதை விளம்பரப்படுத்தவும் யாருக்கும் அக்கறை இருக்காது. 2018 ஜூனில் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று ஜெயித்தபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் கேப்டன் சேத்ரி தானே ஒரு வீடியோ எடுத்து, திட்டவாவது வாருங்கள் என்று மக்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. கூட்டம் இல்லாமல் இல்லை, கூப்பிட ஆள் இல்லை. 700 கோடி கொடுத்து உரிமை வாங்கியவர் செய்ய வேண்டிய வேலையை ஆட்டக்காரர் தன் போனில் செய்தார்.

ஒப்பந்தத்தின் கெடு 2025 டிசம்பர் 8. கூட்டமைப்பின் புதிய விதிமுறைகள் சுப்ரீம் கோர்ட்டில் இருந்ததால், தீர்ப்பு வரும்வரை புதிய ஒப்பந்தம் போட முடியாத நிலை. ஜூலையில் எஃப்.எஸ்.டி.எல் சீசனை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் லீக்கின் வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள்: மறுபடியும் 15 வருஷம், ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி அல்லது வருமானத்தில் 5 சதவீதம். நவம்பர் 7-ம் தேதி கெடு முடிந்தபோது பெட்டியில் ஒரு கவர்கூட இல்லை.

இதற்கிடையில் அணி என்ன செய்தது? அக்டோபர் 14-ம் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நவம்பர் 18-ம் தேதி டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. சரக்கின் விலை அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் அது உரிமையாளரின் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

என் கருத்து இதுதான். லீக்கை எப்படி வேண்டுமானாலும் விற்கட்டும், தேசிய அணியை அதோடு சேர்க்காமல் தனியாக ஏலம் விட வேண்டும். இரண்டு வருஷம் போதும், அதற்கு மேல் வேண்டாம். ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் சொந்த மண்ணில் ஆடும் ஆட்டங்கள் மட்டும். தூர்தர்ஷன் இலவச டிஷ்ஷில் நேரடியாக வர வேண்டும் என்று ஒரு ஷரத்து. ஏலம் 3 கோடியில் நின்றால் நிற்கட்டும். 1937-லிருந்து இருக்கும் ஒரு சங்கம் தன்னிடம் உள்ள முக்கியமான சொத்தின் சந்தை மதிப்பை முதல் தடவையாகத் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும். அடுத்த ஏலத்தில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றாவது தெரியும்.