மேயோ பிரபுவும் ஒரு இத்தாலியச் சமையல்காரரும்

இந்தியாவில் இத்தாலிய ரெஸ்டாரண்ட் என்றாலே ஐந்து நட்சத்திர ஓட்டல் சமாச்சாரம்னு நினைப்போம். அந்தக் கதை 1869-லேயே ஆரம்பிச்சாச்சு மக்களே. நடுவில் எங்க அந்தமானும் வருது!

டூரின் பக்கத்துல கரிஞானோக்காரர் ஃபெடரிகோ பெலிட்டி. கேக், இனிப்பு செய்வதில் கில்லாடி. வைஸ்ராய் மேயோ பிரபுவுக்குச் சமைக்க 1869-ல் இந்தியா வந்தார்.

மேயோ 1872-ல் அந்தமானில் கைதிகள் குடியிருப்பைப் பார்வையிடப் போனார். பிப்ரவரி 8 மாலை, மவுண்ட் ஹாரியட் (2021 முதல் மவுண்ட் மணிப்பூர்) இறங்கி ஹோப்டவுன் படகுத்துறைக்கு வந்தபோது ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதி கத்தியால் குத்திக் கொன்றார். மார்ச்சில் வைப்பர் தீவில் அவருக்குத் தூக்கு.

எஜமானர் போனபிறகும் பெலிட்டி ஊர் திரும்பவில்லை. கல்கத்தாவில் அவர் நடத்திய 'பெலிட்டிஸ்' வெள்ளைக்காரத் துரைமார் கூடும் இடமானது. சிம்லா கடையோ கிப்ளிங் கதையிலேயே வருது!

எங்க ரங்கத் பக்கமெல்லாம் அப்போ பழங்குடியினர் வாழ்ந்த காடு. கிழக்கு வங்காள அகதிகளைக் குடியேற்றியது சுதந்திரத்துக்கு அப்புறம்தான். ஆனா போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 1858-லிருந்தே கைதிகள் காடு வெட்டிக்கிட்டிருந்தாங்க. வைஸ்ராய்க்கு இத்தாலியிலிருந்து கேக் மாஸ்டரை வரவழைத்ததும், இவங்க காலில் விலங்கு மாட்டியதும் ஒரே சர்க்கார்தான்.

செல்லுலார் ஜெயில் கட்டி முடிந்தது 1906-ல். அந்தமான் சரித்திரத்தை அங்கேயிருந்து ஆரம்பிக்கிறவங்க, அதுக்கு முந்தைய இந்த ஐம்பது வருஷத்தையும் கொஞ்சம் படிங்க.