சால் திறப்பு வட்டத்தகடு

சால் திறப்பு வட்டத்தகடு என்பது, உழாத நிலத்தில் முன்பயிரின் தாளை வெட்டி, விதை விழுவதற்கான குறுகிய சாலைத் திறக்கும் விதைப்புக் கருவியின் எஃகு உறுப்பாகும். இரு தகடுகள் முன்புறம் ஒன்றையொன்று தொட்டுச் சாய்வாக அமைந்து, ‘வி’ வடிவச் சாலை உண்டாக்குகின்றன.

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளி உள்ளிட்ட டெல்டாப் பகுதியில், உழாமல் விதைப்பது பழைய வழக்கமே. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில், நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் கையால் தெளிப்பர். இது நெல் தரிசுப் பயறு சாகுபடி எனப்படும். அறுவடைக்குப் பின் கருவியால் வரிசையில் விதைப்பதானால் தகட்டின் தரம் முதன்மை பெறுகிறது.

போரான் கலந்து வெப்பப் பதமூட்டிய எஃகுத் தகடு, தேய்மானத்தையும் அதிர்ச்சியையும் தாங்கும். மிகக் கடினமானது விரிசல் காணும், மென்மையானது விரைவில் தேயும். 38 செ.மீ. விட்டமுள்ள தகடு ஏறத்தாழ 37 செ.மீ. ஆகத் தேய்ந்ததும் மாற்றப்படுகிறது. தொடும் இடத்தின் முன்னும் பின்னும் காகிதத் துண்டுகளைச் செருகி, அவை நிற்கும் இடைவெளியை அளந்து தேய்மானம் அறியப்படுகிறது. இடைவெளி குறைந்தால் சால் ‘டபிள்யூ’ வடிவாகி, விதை ஒரே ஆழத்தில் விழாது.

ஈரக் களிமண்ணில் எத்தகடும் சாலின் சுவரை இறுக்கி வேரைத் தடுக்கும் என்பதால், தகட்டின் தரத்தோடு மண்ணின் பதமும் பார்க்கப்பட வேண்டும்.