காவிரிக் கரையில் பொது வண்டி

தஞ்சை ஜில்லாவில் நிலமென்பது தண்ணீருக்கு அடங்கியது. கல்லணையில் பிரிகின்ற காவிரியும் வெண்ணாறும், குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், வெட்டாறு, வடவாறு என்று பலவாகக் கிளைத்து, அக்கிளைகளும் எண்ணற்ற வாய்க்கால்களாகப் பிரிந்து வயல்களில் பாய்ந்து, எஞ்சியது கடலைச் சேருகின்ற இச்சமவெளியில், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செல்ல விரும்பியவர் முதலில் கேட்டறிய வேண்டியிருந்தது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதுதான். ஐப்பசி கார்த்திகையில் ஆற்று வெள்ளத்தோடு மழையும் சேர்ந்துகொண்டால், கரைகளின்மேல் அமைந்த மண்பாதைகளில் வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். பாலமில்லாத துறைகளில் ஓடத்துக்கும் பரிசலுக்கும் காத்திருக்க வேண்டும். அத்தகைய நாட்டில், சொந்த வண்டியை விட்டுப் பொது வண்டியில் ஏறும் வழக்கம் எவ்வாறு வேரூன்றியது, பின்னர் எதனால் தளர்ந்தது என்று ஆராய்வது, நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் நம் ஜனங்களுக்கு இன்று மிகவும் பிரயோஜனமான காரியம்.

பழைய நாளில் வண்டி அந்தஸ்தின் அடையாளமாக இருந்தது. மிராசுதாருக்கு வில்வண்டி, நகரத்து வக்கீலுக்கும் உத்தியோகஸ்தருக்கும் குதிரை பூட்டிய ஜட்கா, நெல்மூட்டை ஏற்றிச் செல்லும் குடியானவருக்குப் பாரவண்டி, பண்ணையாளுக்கு அவருடைய கால்களே வாகனம். தஞ்சைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஏறக்குறைய 25 மைல் தூரம். மாட்டுவண்டி அதைக் கடக்க ஓர் இரவு முழுவதும் வேண்டும். ஆகையால் தொழிலும் வீடும் ஒரே ஊரில் அமைந்திருந்தன. காலையில் வெளியூர் சென்று வேலை பார்த்து மாலையில் வீடு திரும்பும் வாழ்க்கைக்கே இடமில்லாதிருந்தது. தூரப் பிரயாணம் பெரும்பாலும் தீர்த்த யாத்திரையாகவே அமைந்தது. அந்த யாத்ரீகர்களுக்காக மராட்டிய அரசர்கள் இராமேசுவரப் பாதை நெடுகிலும் சத்திரங்களைக் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், 1802ல், ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் கீர்த்தி பெற்றது. வழிப்போக்கருக்குச் சோற்றையும் உறைவிடத்தையும் பொதுத் தர்மமாக்கிய அக்காலத்தில், வண்டியையும் பொதுவாக்கலாம் என்ற எண்ணம் பிறந்திருக்கவில்லை.

அந்த எண்ணம் இரும்புப் பாதையோடு வந்தது. இங்கிலாந்தில் மூலதனம் திரட்டிய கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சைவரை பாதை போட்டு 1861ல் ரயில் விட்டது; அடுத்த ஆண்டே அது திருச்சியை எட்டியது. 1874ல் கர்நாடிக் ரயில்வேயும் அக்கம்பெனியும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவாயிற்று. முதலில் அகலப் பாதையாகப் போட்டதை மீட்டர் பாதையாகக் குறுக்கியதும், சென்னையிலிருந்து சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு வரும் மெயின் லைனைப் போட்டதும் அதே காலப்பகுதியின் வேலைகள். குத்தாலம், ஆடுதுறை, திருவிடைமருதூர், பாபநாசம், அய்யம்பேட்டை என்று தலங்களும் நெசவூர்களும் சந்தை ஊர்களும் வரிசையாக ஸ்டேஷன்களாயின. கும்பகோணத்தில் 1854ல் தோன்றிய கல்லூரிக்குப் படிக்கச் சென்ற மாணவரும், கோர்ட்டுக்குச் சென்ற கட்சிக்காரரும், கச்சேரிக்குச் சென்ற குமாஸ்தாவும், விடியலில் புறப்பட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு சேரலாம் என்ற புதிய நிலைமை அப்போதுதான் ஏற்பட்டது.

ஆயினும் இந்தச் சரித்திரத்தில் தஞ்சை ஜில்லாவுக்கே உரிய பெருமை இனிமேல்தான் வருகிறது. கம்பெனிப் பாதைகள் வடக்கையும் நடுப்பகுதியையும் தொட்டனவே தவிர, நன்னிலம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை முதலிய தாலுகாக்கள் பழைய சேற்றுப் பாதைகளையே நம்பியிருந்தன. கம்பெனிக்கு லாபம் தோன்றும்வரை காத்திராமல், ஜில்லா போர்டு, நில வருமானத்தின்மேல் ரூபாய்க்குச் சில தம்படி வீதம் ரயில்வேக்கென்றே ஒரு மேல்வரி விதித்து, அத்தொகையைச் சேர்த்துவைத்துத் தன் சொந்தப் பாதையைப் போட்டது. மாயவரத்தில் தொடங்கிப் பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைவரை ஏறக்குறைய 54 மைல் செல்லும் அப்பாதை 1894ல் திறக்கப்பட்டது; 1903ன் இறுதிக்குள் பட்டுக்கோட்டையையும் தாண்டி அறந்தாங்கிவரை நீண்டது. ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதையின் உடைமை ஜில்லா ஜனங்களுடையது. பின்னாளில் கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடாவிலிருந்து மசூலிப்பட்டினத்துக்கும், கோயம்புத்தூர் ஜில்லா போர்டு போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாதை போட்டபோது, தஞ்சை காட்டிய வழியிலேயே சென்றன. குறுவையும் சம்பாவும் விளைந்த வயல்களிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த தம்படிகள் தண்டவாளமாக மாறிய இந்த வரலாற்றை நினைக்குந்தோறும், சொந்தமாக வில்வண்டி வைத்திருந்தவரும் பொது வண்டிக்காக வரி கொடுத்தார் என்ற உண்மை என் மனத்தில் மேலோங்கி நிற்கிறது.

பொது வண்டி தூரத்தைக் குறைத்ததோடு நிற்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பலகையில் கட்டணம் செலுத்திய எவருக்கும் இடமுண்டு என்ற நியதி, தெருவுக்குத் தெரு தீட்டுப் பார்த்த ஒரு சமூகத்தில் மெல்ல மெல்லப் பெரிய மாறுதலை உண்டாக்கியது. ஆனால் அது தானாகக் கனிந்துவிடவில்லை. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் என்ற பலகைகள் நீண்ட காலம் தொங்கின; பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1941ல்தான் அப்பேதம் நீங்கிற்று. தாழ்த்தப்பட்ட வகுப்பாரை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகளும் இருந்தார்கள். அவ்வாறு மறுக்கும் வண்டிகளின் லைசென்ஸ் ரத்தாகும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் உத்தரவிட்டது தென்னாட்டுப் பிரயாண சரித்திரத்தில் போற்றத்தக்க செய்கை. வாகனம் ஒன்று பொதுவானதென்ற பெயருக்குத் தகுதியாவது, அதில் ஏறும் உரிமை அனைவருக்கும் கிடைக்கும்போதுதான்.

ரயில் ஸ்டேஷனுக்கும் கிராமத்துக்கும் இடையே எஞ்சியிருந்த தூரத்தைப் பஸ் நிரப்பிற்று. டி.வி. சுந்தரம் ஐயங்கார் போன்றவர்கள் தென்னாட்டில் தொடங்கிவைத்த மோட்டார்த் தொழில் டெல்டாவிலும் பரவி, சிறு முதலாளிகள் ஒன்றிரண்டு வண்டிகளோடு ஆற்றங்கரைச் சாலைகளில் ஓட்டத் தொடங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அரிதானபோது, வண்டியின் பின்புறம் அடுப்புக் கட்டிக் கரியை மூட்டி, அதன் வாயுவால் ஓடிய ‘கரி பஸ்’ஸை அக்காலத்தவர் எளிதில் மறக்கவில்லை, எத்தனை தாமதித்தாலும் அது வந்துசேரும் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் சாலையோரத்தில் காத்திருந்தார்கள். 1939ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பாதைதோறும் பெர்மிட் முறையை உறுதிசெய்த பின், கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் போன்ற பெரிய கம்பெனிகள் தழைத்தன. அக்கம்பெனியின் பெர்மிட் வழக்கு ஒன்று 1956ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானதிலிருந்தே, ஒரு பஸ் பாதைக்கு அந்நாளில் எவ்வளவு மதிப்பிருந்தது என்பதை உணரலாம். பின்னர் அரசாங்கம் பஸ்களை நாட்டுடைமையாக்கியபோது, ராமன் அண்ட் ராமன் வண்டிகளைக் கொண்டு 1972 மார்ச் முதல் தேதி கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் உதயமாயிற்று. இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணக் கோட்டமாக விளங்குவது அதுவே.

நாள்தோறும் வேலைக்குப் போய்த் திரும்புவது என்ற பழக்கம் இவ்விரண்டு வாகனங்களின்மேல்தான் கட்டப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பட்டறை 1920களின் பிற்பகுதியில் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியதும், 1960களில் திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை எழுந்ததும், தஞ்சை–திருச்சிப் பாதையைத் தொழிலாளரின் பாதையாக்கின. பூதலூரிலும் தஞ்சையிலும் சீசன் டிக்கெட்டோடு ஏறிய தொழிலாளர், கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையே போய்வந்த ஆசிரியர், வங்கி ஊழியர், பாத்திரக்கடைச் சிப்பந்தி, நடவுக்கும் அறுப்புக்கும் அடுத்த ஊர் சென்ற விவசாயத் தொழிலாளி, தலையில் கூடை சுமந்து ஏறிய வியாபாரிப் பெண் ஆகிய இவர்கள் அனைவரும், சொந்த நிலத்தையோ பெற்றோரையோ விட்டுப் பிரியாமல் வெளியூரில் ஜீவனம் தேட முடிந்தது பொது வண்டியின் தயவால்தான். பெட்டிக்குள் செய்தித்தாள் கைமாறியது, வேலைக்குச் சிபாரிசு நடந்தது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசியதும் உண்டு.

இவ்வளவு உறுதியாக வேரூன்றிய வழக்கம் தளர்ந்ததேன்? வண்டி நின்றபோதெல்லாம் வழக்கமும் நின்றது என்பதே சரித்திரம் தரும் விடை. நீடாமங்கலம்–மன்னார்குடிக் கிளைப் பாதை 1976ல் மூடப்பட்டது. 1926ல் திறந்த மாயவரம்–தரங்கம்பாடிப் பாதை 1986ல் நின்றது. ஜில்லா போர்டு போட்ட பழைய பாதையும் அகலப் பாதையாக்கும் வேலைக்காக நீண்ட காலம் ஓய்ந்தது. திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிவரை உள்ள பகுதியில் 2012ல் நின்ற ரயில் முழுமையாகத் திரும்ப 2019 ஆயிற்று. ஏழாண்டுக் காலம் ரயிலில்லாமல் பிழைத்தவர், கடன் வாங்கியாவது ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டார். வசதியுள்ளவர் கார் வாங்கினார். ஒருபுறம் ஆறும் மறுபுறம் வயலுமாக, அகலப்படுத்த இடமில்லாத கரைச் சாலைகளில் இன்று அவ்வாகனங்கள் நெருங்கி ஓடுகின்றன. சம்பளத்தில் ஒரு பெரும்பகுதி பெட்ரோலுக்குப் போகிறது. அந்திப் பொழுதில் நெல் உலர்த்திய சாலையில் வழுக்கி விழுந்த செய்தி ஊர்தோறும் கேட்கிறது.

மறுதிசையிலும் அதே சரித்திரம் சாட்சி சொல்கிறது. 2011ல் மன்னார்குடிக்கு ரயில் திரும்பியது. 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்கும் திரும்பியது. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாம் என்றானபின், வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் ஜவுளிப் பட்டறைக்கும் செல்லும் பெண்களுக்குப் பஸ் கூலி என்ற பாரம் நீங்கி, கூலி முழுவதும் வீடு வந்து சேர்கிறது.

ஆகவே, சொந்த வாகனத்தை விட்டுப் பொது வாகனத்துக்கு வாருங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசம் செய்வதால் மட்டும் பயன் விளையாது. வில்வண்டியையும் ஜட்காவையும் நம் முன்னோர் விட்டது உபதேசத்தாலன்று. ரயில் குறித்த வேளையில், நடந்துபோகும் தூரத்தில், நாள் தவறாமல் வந்தது, அதனால் விட்டார்கள். பாபநாசத்திலும் ஆடுதுறையிலும் நீடாமங்கலத்திலும் ரயில் வரும் நேரத்தை அனுசரித்து ஸ்டேஷன் வாசலுக்கே பஸ் வரவேண்டும். காலை பத்து மணிக்குமுன் வேலையிடம் சேர்வதற்கும் இரவு கடை மூடியபின் வீடு திரும்புவதற்கும் ஏற்றபடி பாசஞ்சர் ரயில்கள் ஓடவேண்டும். கிராமத்துக்குச் செல்லும் கடைசிப் பஸ் எந்தக் காரணத்தாலும் ரத்தாகக்கூடாது. இவை கோடிக்கணக்கில் செலவாகும் காரியங்களல்ல. திட்டமும் சிரத்தையும் வேண்டுபவை. ரயிலைத் தங்கள் தம்படிகளால் வரவழைத்த ஜில்லா இது. அந்த ஜனங்களின் சந்ததியார் பொது வண்டியைத் தங்கள் உடைமையாகக் கருதிக் கேட்கவும், கேட்டுப் பெற்றதில் நாள்தோறும் ஏறவும் கடமைப்பட்டிருக்கிறார்கள்.