வாளியும் ஓட்டும்

'யாருக்குப் போட்டா என்ன?' எண்ணூர்க் குப்பங்களில் நான் கேட்ட இந்தக் கேள்விக்கு ஆதாரம் உண்டு. கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவிய 2017-இல் அதிமுக ஆட்சி; கழிமுகத்தில் எண்ணெய் கலந்த 2023-இல் திமுக ஆட்சி. இரண்டு முறையும் வாளியால்தான் அள்ளினார்கள்.

ஆனாலும் எனக்குப் புளியந்தோப்பு ஞாபகம் வருகிறது. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது அங்கே போலீஸ் சுட்டது. அன்று வாக்குரிமை சொத்துள்ளவர்களுக்குத்தான்; செத்தவர்களின் தெருவால் ஆண்டவர்களைத் தண்டிக்க முடியவில்லை. 2018-இல் தூத்துக்குடியில் சுட்டார்கள். 13 பேர் செத்தார்கள். கையிலிருந்த ஓட்டு தோட்டாவைத் தடுக்கவில்லை. ஆனால் 2019-இல் ஆண்ட கட்சியின் கூட்டணி அங்கே தோற்றது.

இரு கழகங்களுக்கிடையே ஓட்டு என்பது இறக்கிவிடும் அதிகாரம், அவ்வளவுதான். ஆற்றை மீட்க அது போதாது. சங்கம் வேணும், போராட்டம் வேணும். அதுக்காக, இருப்பதையும் விட்டுக்கொடுப்பானேன்?