சான்பாடா: சாலைப் பாதுகாப்பு நிர்வாகம்
சான்பாடா, நவி மும்பையில் வாஷிக்கும் துர்பேக்கும் அருகே நகர வளர்ச்சி நிறுவனமான சிட்கோ திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்புப் பகுதி. சயான்–பன்வேல் நெடுஞ்சாலை, பாம் பீச் சாலை, ரயில் நிலையம் ஆகியவற்றோடு வாஷி மொத்தச் சந்தையின் லாரிகளும் இங்கு நெரிசலைக் கூட்டுகின்றன.

உள்சாலை, நடைபாதை, தெருவிளக்கு ஆகியவை 1992இல் அமைந்த நவி மும்பை மாநகராட்சியின் பொறுப்பு. பெரிய செலவுகளை அதன் 16 உறுப்பினர் நிலைக்குழு ஆராயும். ஒருவழிப் பாதை, கனரக வாகனத் தடை முதலியவற்றை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்கீழ் போக்குவரத்துக் காவல்துறை அறிவிக்கிறது. நெடுஞ்சாலையோ மாநிலப் பொதுப்பணித் துறையிடம் உள்ளது. எனவே ஒரே சந்திப்பின் சீரமைப்புக்கும் பல அலுவலகங்களின் இசைவு வேண்டியிருக்கும். இதனால் பணிகள் தாமதமாகலாம். 2020இல் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடைபெறவில்லை. அக்காலத்தில் மன்றத்தின் அதிகாரங்களை மாநகராட்சி ஆணையரே நிர்வாகியாகச் செலுத்தினார்.