முதலில் கற்பிக்க வேண்டிய மொழி எது?

மாணவனுக்கு முதலில் எதைக் கற்பிப்பது என்னும் வினா ஆசிரியத் தொழிலோடு உடன்பிறந்தது. எளியதைக் கொடுத்து ஆர்வத்தை வளர்ப்பதா, தொடக்கத்திலேயே ஒழுங்கை ஊன்றுவதா என்று இலக்கணப் பாடத்திலும் கட்டுரைப் பயிற்சியிலும் நாம் வாதிட்டு வருகிறோம். கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரல் மொழிகளின் வரலாற்றிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. அவ்வழக்கை நடத்தியோரும் ஆசிரியர்களே என்பது நாம் கருதத்தக்கது.

1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான், அறிவியலாரின் கணக்கீடுகளுக்காகப் பிறந்தது. 1959இல் திட்டமிடப்பட்ட கோபோல், வணிகக் கணக்குகளுக்காக ஆங்கில வாக்கியங்களை ஒத்து அமைந்தது. இரண்டும் தொழில் வல்லுநரை நோக்கி எழுந்தவை. மாணவரை நினைத்து எழுந்தவையல்ல.

அக்குறையை நீக்க முன்வந்தோர், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிக் கணிதப் பேராசிரியர்களாகிய ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்சும் ஆவர். அங்குப் பயின்றோருள் பெரும்பாலோர் அறிவியல் மாணவரல்லர். துளையிட்ட அட்டைகளை ஒப்படைத்துவிட்டு, விடைக்காக நெடுநேரம் காத்திருப்பதே அந்நாளைய வழக்கம். ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையை அவ்விருவரும் அமைத்து, அதற்கென எளியதொரு மொழியையும் ஆக்கினர். 1964 மே முதல் நாள் அம்மொழியாகிய பேசிக் இயங்கத் தொடங்கியது. மாணவன் தட்டச்சுச் செய்த சிறிது நேரத்தில் விடை வந்தது. 1970களின் பிற்பகுதியில் சிறு கணிப்பொறிகள் வீடுகளில் நுழைந்தபோது, பலருக்குப் பேசிக்கே அரிச்சுவடியாயிற்று.

எனினும், அவ்வெளிமையில் ஓர் இடர் இருந்தது. பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. 'கோ டூ' என்னும் ஆணை எந்த வரிக்கும் தாவச் செய்யும். நிரல் நீண்டால் தாவல்கள் பின்னிப் பிணைந்து, எழுதியவனே வழியறியாது திகைப்பான். இவ்வாணை பிற மொழிகளிலும் இருந்தது. நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் இதனைக் கண்டித்து எழுதினார். 1975இல், பேசிக் பயின்றவருக்கு நல்ல நிரலாக்கம் கற்பிப்பது ஏறக்குறைய இயலாது என்றே சாடினார்.

ஒழுங்கை வேண்டியோரின் கொள்கைக்கு வடிவம் தந்தது, சூரிக் நகரப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் ஆகும். அதில், மதிப்பு வைக்கும் ஒவ்வோர் இடத்திற்கும் பெயரையும் வகையையும் முன்னரே அறிவித்தல் வேண்டும். பணியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் தெளிவுற எழுதுதல் வேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது? பேசிக்கில் தொடங்கிப் பின்னர் வல்லுநரானோர் பலராதலின், டைக்ஸ்ட்ராவின் தீர்ப்பு மிகையானது. ஆனால் அவர் சுட்டிய குறை மெய்யானது. கெமனியும் கர்ட்சுமே 1980களில் வரி எண் தேவைப்படாத 'ட்ரூ பேசிக்' என்னும் திருந்திய வடிவத்தை ஆக்கினர். பாஸ்கலின் கண்டிப்பும் சில இடங்களில் எல்லை கடந்தது. 10 எண்களின் வரிசைக்கென எழுதிய பகுதி 20 எண்களின் வரிசைக்குப் பயன்படாது என்பதைப் பிரையன் கெர்னிகன் 1981இல் எடுத்துக்காட்டினார்.

பிற்காலத்தில் இவ்விரு நோக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கின. 'ஏ.பி.சி.' என்னும் பயிற்று மொழியை உருவாக்குவதில் பங்கேற்ற கீடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தன் இதற்குச் சான்று. தொடக்க மாணவன் ஒரே வரியில் விடை காணலாம். நிரல் வளரும்போதோ, வரிகளை ஒழுங்காக உள்தள்ளி எழுதுவதையே இலக்கணம் கட்டாயமாக்குகிறது.

ஆதலின், ஒரு மொழிக்காக வாதிடுவோர் அதன் ஆற்றலை மட்டும் அளவிடல் போதாது. அதைக் கற்பவர் யார், எந்நிலையில் நிற்கிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். முதல் நாளில் மாணவன் அஞ்சி விலகாதிருக்க எளிமை வேண்டும். அவன் எழுதியதைப் பிறரும் படித்துணர ஒழுங்கு வேண்டும். இவ்விரண்டையும் எந்த வேளையில் எந்த அளவில் தருவது என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே முடிவு செய்தல் வேண்டும்.